இடம் மாறாமல் வரைந்தது

அந்தப் படத்தைச் சாட்சியாக வைக்கப்போகிறேன் என்று அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பேன். சொல்லவில்லை. தங்கச்சி கை பட்ட படம், அதுவே நம்மைக் காப்பாற்றப்போகிறது, விசாரணை அன்றைக்கு அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்திருக்கிறான். ஐம்பத்தைந்து வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, எனக்கென்று ஒரு ஆச்சரியத்தை மறைத்து வைத்திருந்தான். அது எங்கள் குடியைக் கெடுத்தது.

படம் ஒன்றும் பெரியதில்லை. விரித்த நோட்டுப் புத்தகம் அளவுதான். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவித் தாளில் அழுத்தி எடுத்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, அதன்மேல் சாய்ந்த துடுப்புகள், நாலைந்து நண்டுக் கூடுகள், ஒரு கொக்கி உடைந்த நங்கூரம், மிதவைகள், சுருட்டி வைத்த மூன்று கயிறுகள். ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஓரத்தில் கடலுக்குள் நீளும் கல்கட்டு. மீதியெல்லாம் விடியற்காலை மூட்டம். கிட்டப் போனால் வெறும் கீறல், நாலடி தள்ளி நின்றால் ஈர மணல். இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்று பெரிய இடத்தில் சொல்வார்கள். வரைந்தவர் நான் வேலை பார்த்த அச்சுப் பட்டறையின் ஓவியர். அச்சடித்தவள் நான். சாமான்கள் எங்கள் அப்பாவுடையவை. துறைமுக அலுவலகக் கூடத்தில், வாசல் நிலைக்கு மேலே, முப்பத்தொரு வருடமாக அந்தப் படம் தொங்குகிறது.

வழக்கு அந்தக் கல்கட்டைப் பற்றியது. கடலைப் பார்த்து நின்றால் கல்கட்டுக்கு இடது பக்கம் மணல், படகை இழுத்து ஏற்றத் தோதான சரிவு. வலது பக்கம் பாறை. எங்கள் அண்ணனும் இன்னும் பதினொரு வீட்டுக்காரர்களும் இடது பக்கத்தில் படகு ஏற்றுகிறார்கள். தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். அந்த மணல்மேல் உல்லாசப் படகுச் சங்கத்துக்குக் கண் விழுந்தது. இவர்கள் முதலில் வலது பக்கத்தில்தான் இருந்தார்கள், அங்கே மணல் அரித்துப்போனதும் பத்து வருடம் முன்னால்தான் இங்கே நகர்ந்தார்கள் என்று ஒரு கதையைக் கட்டி மனுப் போட்டார்கள். இருபத்தைந்து வருடம் ஒரே இடத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டுகிறவர்களுக்கு இடம் என்பது சட்டம். படகு லைசென்சில் பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. கரைக்காரர்கள் வாயால் சொன்னால் செல்லாது, அவர்கள் சம்பந்தப்பட்டவர்களாம். போட்டோ உண்டா என்று கேட்டார்கள். கரைக்குப் போட்டோ எடுக்க வருகிறவன் கடலை எடுப்பான், சூரியனை எடுப்பான், கூட்டிவந்த பெண்ணை எடுப்பான். நண்டுக் கூட்டை எவன் எடுப்பான்?

அப்போதுதான் அண்ணனுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்திருக்கிறது. அவனுக்குக் கரையில் 'நங்கூரம்' என்று பட்டப்பெயர், ஒன்றை நினைத்துவிட்டால் அசைய மாட்டான். லைசென்ஸ் புதுப்பிக்க அந்த அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் நிலைக்கு மேலே அண்ணாந்து அப்பாவின் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வருவான். சாமான்களைப் பார்த்தான், இடத்தைப் பார்க்கவில்லை.

அதே துறைமுக அலுவலகக் கூடத்தில்தான் விசாரணை. முதல் நாள் அதிகாரி மனுவை வாசித்தார். எங்கள் சாமான்கள் எங்கே இருந்தன என்பதற்கு உங்கள் வாசல் நிலைக்கு மேலே தொங்கும் படமே சாட்சி என்று அண்ணன் எழுதியிருந்தான். வாசித்து முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பியூன் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். சங்கத்தின் செயலாளர் எழுந்துபோய் செல்போன் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். மனுஷனுக்கு முகம் மலர்ந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சார், கல்கட்டு படத்துல இடது ஓரத்துல இருக்கு. சாமான் எல்லாம் அதுக்கு வலது பக்கம். நாங்க சொன்னதுதான் சார் இது. மணல்கூட இருக்கு பாருங்க, அப்போ அந்தப் பக்கம் மணல்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்துக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்ததையும் உரக்க வாசித்தார். 'கரையிலேயே, இடம் மாறாமல் வரைந்தது.' அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். வரைந்தவரே உயிரோடு இருப்பதால் அவரையும் கேட்டுவிடலாம் என்று அதிகாரி இரண்டு வாரம் தள்ளிவைத்தார்.

அச்சு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தகட்டில் கீறுவது தாளில் இடவலம் மாறித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து திரும்பி இருக்குமே, அதே சங்கதி. அறையில் உட்கார்ந்து நிதானமாக வரைகிறவர்கள் தாளில் வரைந்து, அதைத் திருப்பித் தகட்டில் ஏற்றுவார்கள். அப்போதுதான் அச்சில் நேராக வரும். எங்கள் ஓவியருக்கு அதெல்லாம் பிடிக்காது. வெளிச்சம் இருக்கிற இடத்துக்கே தகட்டைத் தூக்கிக்கொண்டு போய், கண் பார்ப்பதைக் கை அப்படியே கீற வேண்டும், அறைக்கு வந்து தொட்டால் செத்துப்போகும் என்பார். அன்றைக்கும் அப்படித்தான் கீறினார். எனக்குப் பத்தொன்பது வயது. பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம். தகட்டில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் குடை பிடித்து மூன்று மணி நேரம் அவர் தோளுக்குப் பின்னால் நின்றவள் நான்தான். அப்பா அப்போதுதான் படகைக் கவிழ்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, சார் வரையட்டும் என்று ஒதுங்கிப் போயிருந்தார். கல்கட்டு எங்களுக்கு வலது பக்கம் இருந்தது.

துறைமுக அலுவலகத்தில் அந்தப் படத்தைக் கேட்டபோது அன்றைய தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நம் கரை நம் கரை மாதிரியே இருக்க வேண்டும், வேறு யாரோ ஒரு ஓவியர் கோபுரக் கடிகாரத்தைத் தப்பான பக்கம் போட்டு ஊரே சிரித்துவிட்டது என்றார். ஓவியர் கண் இமைக்காமல், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து அதில் தெரிந்ததைப் பார்த்துத்தான் தகட்டில் கீறினேன், கண்ணாடியில் மாறியது அச்சில் மறுபடி மாறி இடம் சரியாக வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். பட்டறைக்கு வந்ததும் நான் கேட்டேன், கல்கட்டு இடது பக்கம் போய்விட்டதே சார் என்று. யார் பார்க்கப்போகிறார்கள், கல்கட்டின்மேல் மை கொஞ்சம் கூடவே நிற்கட்டும் என்றார்.

தகட்டில் மையைத் துடைப்பது என் வேலை. முதலில் துணி, கடைசியில் உள்ளங்கை. கடலும் மூட்டமும் அவர் கீறியதில்லை, என் கை எங்கே அழுத்தாமல் விட்டதோ அதுதான் மூட்டம். அந்த ஒரு பிரதிக்குக் கல்கட்டின்மேல் கையை லேசாக ஓட்டினேன். கல்கட்டு மூட்டத்துக்குள் போய்விட்டது. தேடினால்தான் தெரியும். பிறகு அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். அவர் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், ஆகவே எல்லாப் படத்துக்கும் தலைப்பும் வாசகமும் நான்தான் எழுதுவேன், கையெழுத்து மட்டும் அவர் போடுவார். 'கரையிலேயே, இடம் மாறாமல் வரைந்தது.' முப்பது பிரதிக்கும் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, என் எழுத்தை முத்து முத்தாக இருக்கிறது என்று அவர் புகழ்ந்தது எனக்குத் தலைக்கேறியிருந்தது. அதுதான் உண்மை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

விசாரணை முடிந்த சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் வலை முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணிதான், படத்தைச் செல்போனில் எடுத்து வந்திருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, மாமா கயிற்றை ஏன் எதிர்ப்பக்கமாகச் சுருட்டியிருக்கிறார் என்று கேட்டாள்.

அண்ணன் முடிச்சைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து வந்தான். கயிற்றுக்கு ஒரு முறுக்கு உண்டு. எங்கள் கரையில் எல்லோரும் வாங்குகிற கயிற்றை, கடிகார முள் போகிற பக்கமாகத்தான் சுருட்ட முடியும். மாற்றிச் சுருட்டினால் அது கோணிக்கொண்டு துள்ளும், கடலில் வீசும்போது காலில் மாட்டி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். படத்தில் மூன்று சுருளும் எதிர்ப்பக்கம். படகுக்காரன் எவனும் அப்படிச் சுருட்ட மாட்டான், அதிலும் அப்பா. ஆகவே படம் திரும்பியிருக்கிறது. அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்துப் பேசினான். "நீ உங்க சாரைக் கூட்டிட்டு வா. மிச்சத்தைக் கயிறு சொல்லும்."

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அச்சு எந்திரத்து உருளையின் கம்பளிகளைத் தட்டிக் காயப்போட்டுவிட்டு அவர் மேஜைக்கு வந்தேன். எழுபத்தெட்டு வயது. தலைநகரத்து அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படங்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள், அதற்கான புத்தகத்தின் அச்சுப்படி மேஜையில் விரிந்து கிடந்தது. அவருடைய கண்ணாடி முறையைப் பற்றி ஒரு பேராசிரியர் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியில் அதைப் பார்த்து வரைந்த முதல் ஆள் என்று. பக்கத்தில் அந்த வட்டக் கண்ணாடியின் போட்டோ. அது பத்திரிகைக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு நாங்கள் குளியலறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. ஓரத்தில் சவர நுரைக் கறை இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு குடும்பம் சார், பாறைப் பக்கம் படகு ஏற்ற முடியாது சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனபோது பட்டறையின் பின்அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரைக் கூட்டி வந்தவர். அச்சுப்படியை மூடி வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். "நீ கவலைப்படாம போம்மா. நான் வந்து சொல்லிடறேன்." நான் அவர் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது விசாரணைக்கு அண்ணன் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்தான். கூடத்து நடுவில் உட்கார்ந்து, அதைப் பிரித்து, முறைப்படி சுருட்டிக் காட்டினான். கயிறு பூனை மாதிரி படுத்துக்கொண்டது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுருட்டினான். ஒவ்வொரு வளையமும் எட்டுப் போட்ட மாதிரி முறுக்கிக்கொண்டு எழுந்தது. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, தானே ஒருமுறை சுருட்டிப் பார்த்தார். அப்புறம் படத்தில் மூன்று சுருளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதிகாரி ஓவியரிடம் திரும்பி, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். ஓவியர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"இடம் சரிதான். கண்ணாடி வெச்சுதான் வரைஞ்சேன், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். கயிறை மட்டும் அப்புறமா பட்டறையில உக்காந்து போட்டேன், மனசுக்குத் தோணின மாதிரி. கயிறு எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்கென்ன தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். அறைக்கு வந்து தொட்டால் செத்துப்போகும் என்று முப்பது வருடம் என் காதில் ஓதியவர், ஒரு பொய்யைக் காப்பாற்ற அந்தக் கொள்கையையும் விற்றுவிட்டார். நான் எழுந்தேன். கண்ணாடி கிடையாது, நான்தான் குடை பிடித்தேன், கல்கட்டு எங்களுக்கு வலது பக்கம் இருந்தது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தப் பென்சில் எழுத்து யாரோடது?"

"என்னோடது."

"கண்ணாடி இல்லன்னு தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவர் கேலி செய்கிற ஆளில்லை, அதனால்தான் இன்னும் எரிகிறது. "அன்னைக்குப் பொய் எழுதினீங்க, யாரும் கேக்கல. இன்னைக்கு நிஜம் சொல்றீங்க, உங்க அண்ணனுக்காக. நான் எதைம்மா ஃபைல்ல வைக்கிறது?"

அவர் படத்தை ஃபைலில் வைத்தார். மணல் பக்கம் சங்கத்துக்கு, கரைக்காரர்கள் தங்கள் பழைய இடமான வலது பக்கத்துக்கே திரும்பிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. பழைய இடம் என்ற வார்த்தையை அண்ணன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.

வெளியே ஓவியர் காரில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாம்மா ஏறு என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்தக் கயிற்றை அப்பா சுருட்டினார் சார், நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து போட்டதில்லை என்றேன். அதை மட்டும்தான் சொல்லத் தோன்றியது. அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அலுத்துக்கொள்கிற மாதிரி சொன்னார். "கரை இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் போகத்தாம்மா போகுது. படமாவது நிக்கட்டும்."

நான் ஏறவில்லை. மறுநாள் பின்அறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் இருக்கிறேன். அங்கே மையைக் கையால் துடைக்கிற வேலை இல்லை.

பன்னிரண்டு குடும்பமும் பாறைப் பக்கம் போனார்கள். இரண்டு குடும்பம் முதல் மாதமே படகை விற்றுவிட்டது. அண்ணன் பாறை இடுக்கில் மரக்கட்டைகளைப் போட்டு, எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் படகைத் தூக்கி ஏற்றுகிறான். அடிப்பலகை ஏற்கெனவே ஒருமுறை பிளந்துவிட்டது. என்னோடு பேசுவதில்லை. அண்ணி போன் செய்வாள், அவன் கரையில் இருக்கும் நேரம் பார்த்து. ஒருமுறை நானே போனேன். அவன் தலை நிமிராமல் சொன்னான். "நல்லாப் பாத்துக்க. நீ எழுதினது பலிச்சிருச்சு."

பார்த்தேன். இடது ஓரத்தில் கல்கட்டு. அதற்கு வலது பக்கம் கவிழ்த்த படகு, துடுப்புகள், கூடுகள், அப்பாவின் உடைந்த நங்கூரம். அவன் வேண்டுமென்று அடுக்கவில்லை, அந்த இடுக்கில் அப்படித்தான் வைக்க முடியும்.

போன வாரம் ஓவியரின் புத்தகம் தபாலில் வந்தது. உள்ளே என் பெயர் போட்டு, ஆசிகளுடன் என்று அவருடைய கோழி கிண்டின எழுத்து. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அந்தப் படம், கீழே என் பென்சில் வரி. எதிர்ப்பக்கத்தில், அதே கரையின் இன்றைய போட்டோ. அருங்காட்சியகத்துக்காரர்கள் ஆள் அனுப்பி எடுத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடத்தில் மணலைக் கடல் தின்றுவிட்டது, மற்றபடி எல்லாம் ஓவியர் கண்டபடியே, இடம் மாறாமல் இருக்கிறது என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார்.

போட்டோவின் நடுவில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறான். அண்ணன்தான். முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். கயிறு கடிகார முள் பக்கமாகச் சுருண்டிருக்கிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்துப் படத்தில் அப்பாவின் கயிறு அதற்கு எதிராக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பளபளவென்று அச்சடித்து, ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.